மருத்துவம் கேட்டால் மரம் வளர்ப்பு

எங்கள் ஊர் வாசகர் வட்டம் நடத்தும் நூலகத்தில் ஏறக்குறைய 6,200 புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடுவதற்கு ஒரு வலைப்பக்கம் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி. அதில் எழுத்தைத் தட்டத் தட்டக் கீழே புத்தகங்கள் வந்து நிற்கும். ‘தேடு’ என்று தனியாகப் பொத்தான் கிடையாது. அந்த வசதியை நான் ஆசைப்பட்டு வைத்தேன். கோளாறும் அதற்குள்தான் இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நூலகப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஃபோன் செய்தார். “தம்பி, மருத்துவம்னு அடிச்சா மரம் வளர்ப்பு வருது. திரும்ப அடிச்சா சரியா வருது. மறுபடி அடிச்சா மறுபடியும் மரம். நான்தான் தப்பா அடிக்கிறேனா?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை. பக்கம் தப்பான விடையைக் காட்ட, அதைப் பயன்படுத்துகிறவர் தன் கையைச் சந்தேகப்படுகிறார். இதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். ஒரு வாரம் இழுத்தது. வழியில் பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன், இதேபோல் தேடல் பெட்டி எழுதுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வீட்டில் என் மடிக்கணினியில் முயன்றேன். பத்து முறை ‘மருத்துவம்’ என்று அடித்தேன், பத்து முறையும் சரியாகவே வந்தது. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துப் பார்த்தேன். எல்லாம் மெதுவாக வந்தது, ஆனால் சரியாக வந்தது. நூலகத்துக் கணினியில்தான் ஏதோ பிரச்சினை என்று முடிவுகட்டத் தோன்றும் இடம் இது. அப்படி முடிவுகட்டாமல் ஞாயிற்றுக்கிழமை நேரே போய் அந்த மேசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர். ‘மருத்துவம்’ என்ற சொல்லுக்கு அதில் ஒன்பது தட்டல். ம, மர, மரு, மருத, மருத்த, மருத்து, மருத்துவ, மருத்துவம, மருத்துவம். பக்கம் சர்வரிடம், அதாவது புத்தகப் பட்டியல் இருக்கும் கணினியிடம், கேட்பதையெல்லாம் காட்டும் நெட்வொர்க் டேப்பில் ஒன்பது கோரிக்கைகள் வரிசையாக விழுந்தன. தமிழ் எழுத்துகள் முகவரியில் சதவீதக் குறிகளாக மாறிப் போவதால் வாசிக்கக் கண்ணைக் கட்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு, பைட்டுக்கு மூன்று குறி, ஆக ஒன்பது. புள்ளியையும் உகரக் குறியையும் தனியாக எண்ணினால் ‘மருத்துவம்’ என்பதில் பத்துக் குறியீடுகள், எனவே முகவரியில் 90 குறிகள். பக்கத்திலிருக்கும் பேலோட் டேப்பைத் திறந்தால் தமிழிலேயே தெரியும்.

கோரிக்கைகள் போன வரிசையில் தவறில்லை. பதில்கள் வந்த வரிசையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ‘மருத்துவம்’ என்ற கடைசிக் கேள்விக்குப் பதினான்கு புத்தகங்கள், சில கேபி மட்டுமே, சட்டென்று வந்துவிட்டது. ‘மர’ என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரிது. மரபு, மரம் மட்டும் என்றில்லை, அமரர், சமரசம் என்று நடுவில் ‘மர’ வருகிற எல்லாத் தலைப்பும் அதில் உண்டு. முதல் கேள்வியான வெறும் ‘ம’ இன்னும் மோசம். பட்டியலில் பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டு ஒரு எம்பியைத் தாண்டியது. எழுத்து குறைந்தால் விடை பெருக்கும், விடை பெருத்தால் தாமதமாக வரும். அதனால் பழைய கேள்வியின் பதில் புதிய பதிலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. என் நிரலோ, எது கடைசியாக வருகிறதோ அதைத் திரையில் எழுதிவிடும். பதினான்கு மருத்துவப் புத்தகங்கள் அரை நொடி தெரிந்தன, அவற்றின் மேல் மரம் வளர்ப்பு வந்து உட்கார்ந்தது.

சரி, இது ஏன் என் வீட்டில் நடக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு முழு மாலை போயிற்று, ஆனால் பயனுள்ள மாலை. சர்வரில் ஓடுவது பிஹெச்பி என்ற நிரல்மொழி. உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் செஷன், அதாவது வந்திருப்பவர் யார் என்று நினைவில் வைக்கும் பதிவு, தொடங்கும்படி எழுதியிருந்தேன். நான் எப்போதும் நிர்வாகியாக உள்நுழைந்தே இருப்பேன். பிஹெச்பியின் வழக்கமான செஷன் ஒரு கோப்பில் இருக்கும். ஒரு கோரிக்கை அந்தக் கோப்பைப் பூட்டினால், அது முடியும்வரை அதே ஆளின் அடுத்த கோரிக்கை வாசலில் நிற்கும். ஆக என் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உள்ளே போயின. பதிலும் அதே வரிசையில் வந்தது. நூலகத்து மேசையில் யாரும் உள்நுழைவதில்லை. அங்கே ஒன்பது கோரிக்கையும் ஒரே நேரத்தில் ஓடின. எழுதியவனுக்குத் தெரியாத கோளாறு வாசகருக்கு மட்டும் தெரிந்ததன் காரணம் இதுதான். அன்றிலிருந்து எதைச் சோதித்தாலும் உள்நுழையாத தனி விண்டோவிலும் ஒருமுறை பார்க்கிறேன்.

கோளாறைப் பிடிக்க வேண்டுமானால் அது ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, அது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மெதுவாக்கும். எனக்கு வேண்டியது பழையது தாமதமாக, புதியது சீக்கிரமாக வருவது. அதனால் சோதனைச் சர்வரில் இரண்டு வரி சேர்த்தேன்: தேடல் சொல் ஒரு எழுத்தாக இருந்தால் நான்கு நொடி தூங்கு, இரண்டு எழுத்தென்றால் மூன்று நொடி, ஐந்துக்கு மேல் போனால் தூங்காதே. உடனே அக்கா சொன்னது என் திரையிலும் வந்தது. ஒவ்வொரு முறையும். மருத்துவம், பிறகு மரபும் மரமும், கடைசியாக ‘ம’ என்ற மகா பட்டியல். கோளாறு கைக்குள் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை முதலில் பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரெக்வெஸ்ட் முறையில்தான் எழுதினேன். போன வருடம்தான் எல்லாவற்றையும், சர்வரிடம் கேட்கும் புதிய கட்டளையான ஃபெட்ச்சுக்கும், பதில் வரும்வரை அந்த வரியிலேயே காத்திருக்கும் அசிங்க், அவெய்ட் நடைக்கும் மாற்றினேன். பிறகு வரப்போகும் விடைக்கான வாக்குறுதியான பிராமிஸ் 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் வந்தது, அசிங்க் அவெய்ட் 2017இல். அதன் அழகே நிரல் மேலிருந்து கீழாகக் கதைபோல் வாசிக்கப்படுவதுதான்: சொல்லை எடு, சர்வரிடம் கேள், விடையை வாங்கு, திரையில் வரை. அந்த அழகில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அவெய்ட் இருக்கும் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மூன்று நொடி ஓடியிருக்கலாம். அந்த மூன்று நொடியில் வாசகர் ஏழு எழுத்து அடித்திருக்கலாம், பெட்டியை அழித்திருக்கலாம், வேறு பக்கத்துக்கே போயிருக்கலாம். நிரலில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அவெய்ட்டுக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்த எதுவும் அவெய்ட்டுக்குப் பின்னால் உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ஒரு புரிதலோடுதான் மீதி வேலை எல்லாம் நடந்தது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: அடித்து நிறுத்தும்வரை காத்திருப்பது. ஒவ்வொரு தட்டலுக்கும் செட்டைம்அவுட் வைத்து 300 மில்லிநொடி கழித்துக் கேட்கச் சொல்வது, அதற்குள் இன்னொரு தட்டல் வந்தால் முந்தையதை கிளியர்டைம்அவுட்டால் நீக்கிவிடுவது. என் கையில் அருமையாக வேலை செய்தது. ஒன்பது கோரிக்கை ஒன்றாகக் குறைந்தது. மேசைக்குப் போனால் அக்கா இரண்டு விரலால் நிதானமாக எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறார். இரண்டு தட்டலுக்கு நடுவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அவருக்கு 300 மில்லிநொடியால் ஒரு லாபமும் இல்லை, அதே ஒன்பது கோரிக்கை. 800க்கு உயர்த்தினால் வேகமாக அடிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கம் உறைந்து கிடப்பதுபோல் இருக்கிறது. கடைசியில் 350இல் நிறுத்தினேன். இது சர்வரின் பாரத்தைக் குறைக்கும், கோளாறைத் தீர்க்காது. மெதுவாக அடிப்பவருக்குத்தான் தப்பான விடை வரும் என்றால் அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் அடிப்பதற்கென்றே ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில், ‘மருத்துவம்’ பன்னிரண்டு தட்டல். நடுவில் வரும் உருவங்கள் சொல்லின் தொடக்கமாகக்கூட இருக்காது. ‘த்’ வருவதற்கு முன்னால் ஒரு கணம் ‘ட்’ வரும். திரையில் ‘மருட்’ என்று நிற்கும்போது கோரிக்கை போனால் ‘புத்தகம் இல்லை’ என்று பதில் வரும். சொல் இன்னும் முடியவில்லை என்பதை பிரவுசரே ஒரு குறியால் சொல்லும், ‘இஸ்கம்போசிங்’ என்று. அது உண்மையாக இருக்கும்வரை தேடாதே என்று எழுதினேன். கணினியில் நன்றாக இருந்தது. மறுநாளே ஒரு மாணவி, ஃபோனில் இடைவெளி விசையை அழுத்தும்வரை எதுவுமே வருவதில்லை என்றாள். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பலவும் சொல் முடியும்வரை ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டேன். இடையில் வரும் ‘மருட்’ போன்றவற்றுக்கு அந்த 350 மில்லிநொடி போதும்.

அசல் மருந்து மிகச் சிறியது. மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பதுபோல ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண். நிரலைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன் (ஜேசன் என்பது சர்வர் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்):

நடப்பு எண் = 0

தேடும்போது:
நடப்பு எண்ணில் ஒன்று கூட்டு
அதை ‘என் எண்’ என்று குறித்து வை
சர்வரிடம் கேள், காத்திரு
பதிலை ஜேசனாகப் பிரி, காத்திரு
என் எண்ணும் நடப்பு எண்ணும் வேறாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பு
பட்டியலை வரை

‘மர’ கேட்டபோது என் எண் 2. அதன் பதில் வந்து சேர்வதற்குள் நடப்பு எண் 9 ஆகிவிட்டது. இரண்டும் ஒன்பதும் வேறு, எனவே அந்தப் பதில் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். நடப்பு எண் எல்லோருக்கும் பொதுவாக வெளியே இருக்க வேண்டும், ‘என் எண்’ அந்தந்தத் தேடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டையும் வெளியே வைத்தால் இரண்டும் எப்போதும் சமமாகவே இருக்கும், சோதனை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று, அந்தச் சோதனையை எந்த இடத்தில் வைப்பது என்பது. முதலில் நான் ஃபெட்ச்சுக்கு அடுத்த வரியில் வைத்தேன். கோளாறு குறைந்தது, ஆனால் போகவில்லை. ஃபெட்ச் திரும்பும் நேரத்தில் பதிலின் தலைப்பு விவரங்கள் மட்டும்தான் வந்திருக்கும். உடல், அதாவது புத்தகப் பட்டியல், பிறகுதான் வரும், ஜேசனாகப் பிரிப்பதற்கும் ஓர் அவெய்ட் உண்டு. ‘ம’வின் ஒரு எம்பி பதிலில் நேரம் முழுக்க அந்த இரண்டாவது காத்திருப்பில்தான் போகிறது. முதல் வாசலில் எண்ணைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டேன், இரண்டாவது வாசலைத் தாண்டுவதற்குள் அது பழசாகிவிட்டது. திரையில் எழுதுவதற்கு முந்தைய வரி எதுவோ அங்கேதான் இந்தச் சோதனை இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன ஓட்டை. பெட்டியைக் காலி செய்தால் தேட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே திரும்பிவிடுவேன். அந்தத் திரும்புதல் எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால் இருந்தது. ஆகவே வாசகர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சும்மா இருக்கும்போது, முன்பு கேட்டதன் பதில் வந்து காலிப் பெட்டிக்குக் கீழே புத்தகங்களை அடுக்கியது. பெட்டியை அழிப்பதும் ஒரு புதிய கேள்விதான். எண் கூட்டும் வரியை மேலே தூக்கினேன், தீர்ந்தது.

எண் முறை திரையைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் யாருக்கும் வேண்டாத அந்த ஒரு எம்பி இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபோனில் டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர் வாசகர். அதனால் அபார்ட்கன்ட்ரோலரையும் சேர்த்தேன். புதிய கேள்வி போகும்போது பழைய ஃபெட்ச்சை ‘நிறுத்து’ என்று சொல்லும் கருவி அது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். ஒருமுறை நிறுத்தச் சொன்ன கன்ட்ரோலர் நிறுத்தியபடியே இருக்கும், அதையே அடுத்த ஃபெட்ச்சுக்குக் கொடுத்தால் அது போகும் முன்பே விழுந்துவிடும்.

சேர்த்ததும் இரண்டு புதிய கோளாறுகள் வந்தன. வாசகர் அடிக்க அடிக்க ‘இணைப்பில் கோளாறு’ என்று சிவப்பு எழுத்து மின்னி மின்னி மறைந்தது. நிறுத்தப்பட்ட ஃபெட்ச்சும் ஒரு பிழையாகத்தான், நிரலில் பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதிக்கு வரும். அதன் பெயர் ‘அபார்ட்எரர்’. நாமே நிறுத்தியதை வாசகரிடம் பிழை என்று சொல்லக் கூடாது. பெயரைப் பார்த்து அந்த ஒன்றை மட்டும் பேசாமல் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுட்பம், கண்டுபிடிக்க ஒரு இரவு ஆயிற்று. தேடும்போது ‘தேடுகிறேன்…’ என்ற வரியைக் காட்டி, முடிந்ததும் ஃபைனலி பகுதியில் அதை மறைத்துவிடுவேன். வெற்றியோ தோல்வியோ ஃபைனலி ஓடும் என்பதால் அங்கே வைப்பதுதான் சரி என்று எங்கும் சொல்வார்கள். இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி தொடங்கும்போது எட்டாவதை நிறுத்துகிறது, ‘தேடுகிறேன்’ வரியைக் காட்டுகிறது. நிறுத்தப்பட்ட எட்டாவது அதற்குப் பிறகு தன் ஃபைனலிக்கு வந்து, அந்த வரியை மறைத்துவிட்டுப் போகிறது. ஒன்பதாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையோ அமைதியாக இருக்கிறது. பழைய பட்டியலையே புதிய விடை என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ஃபைனலிக்குள்ளும் அதே எண் சோதனையை வைத்தேன். திரையைத் தொடுகிற எந்த வரியாக இருந்தாலும், ‘இப்போது பேசும் உரிமை எனக்கு இருக்கிறதா’ என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரவுசர் கைவிட்டுவிட்டால் சர்வரும் வேலையை நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம். பிஹெச்பி பதிலை அனுப்ப முயலும்போதுதான் எதிர்முனை போய்விட்டது அதற்குத் தெரியவரும். அதுவரை டேட்டாபேஸில் தேடிக்கொண்டுதான் இருக்கும். எனவே சர்வர் பக்கம் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: எவ்வளவு பொருந்தினாலும் முதல் ஐம்பது மட்டும், கூடவே மொத்த எண்ணிக்கை. ஒரு எம்பி பதில் பத்துப் பதினைந்து கேபிக்கு இறங்கியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் இதை மட்டும் செய்திருந்தால் கோளாறு அரிதாகி, மறைந்து, என்றைக்கோ ஒரு நாள் இணைப்பு மெதுவானபோது திரும்பி வந்திருக்கும். அப்போது அதைப் பிடிப்பது இன்னும் கடினம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு மாலை சர்வர் சற்று நேரம் படுத்துவிட்டது. அதுவும் ஒரு பாடமாயிற்று. பக்கம் ‘இணைப்பில் கோளாறு’ என்றது, பிழைகளைக் காட்டும் கன்சோலில் ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று ஒரு பிழை. ஃபெட்ச் 404, 500, 503 போன்ற சர்வரின் பிழை எண்கள் எதையும் தோல்வியாக எண்ணாது. சர்வரிலிருந்து ஏதோ ஒரு பதில் வந்துவிட்டால் அதற்கு அது வெற்றிதான். இணைப்பே கிடைக்காவிட்டாலோ நாமே நிறுத்தினாலோ பிழை எறியும். எனக்கு வந்தது 503 என்ற எண்ணும் ஓர் அழகான ஹெச்டிஎம்எல் மன்னிப்புப் பக்கமும். அதை ஜேசனாகப் பிரிக்கப் போய், முதல் எழுத்தான கோண அடைப்பைப் பார்த்ததும் விழுந்துவிட்டது. பதிலின் ‘ஓகே’ என்ற பண்பு 200 முதல் 299 வரை மட்டுமே உண்மை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் பதிலே இல்லையென்றால் நாமே நிறுத்திவிட்டு ‘சர்வர் பதில் சொல்லவில்லை, மறுபடி முயல்க’ என்று ஒரு பொத்தான் காட்டும்படியும் எழுதினேன்.

திரையில் என்ன சொல்கிறோம் என்பதையும் இந்தச் சாக்கில் பிரித்துவைத்தேன். முன்பெல்லாம் விடை வரும்வரை ‘0 புத்தகங்கள்’ என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, நூலகத்தில் இல்லை என்று திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இல்லை என்று சொல்லி வாசகரை அனுப்பிவிடுவது ஒரு நூலகப் பக்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. இப்போது இன்னும் கேட்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறது, கிடைத்தது, தேடியும் இல்லை, தேடவே முடியவில்லை என்று ஐந்தும் ஐந்து தனி நிலைகள். ‘இல்லை’ என்ற சொல் நான்காவது நிலையில் மட்டும்தான் வரும். ‘தேடுகிறேன்’ என்பதும் 200 மில்லிநொடி தாண்டினால்தான் காட்டும். அதற்குள் விடை வந்துவிட்டால் சும்மா மின்னிக் கண்ணை உறுத்த வேண்டாம்.

பார்வைத்திறன் இல்லாத ஓர் ஆசிரியர் எங்கள் வாசகர். என்விடிஏ திரைவாசிப்பானில் கேட்டுத்தான் தேடுவார். தானாக மாறும் பட்டியல் அவருக்கு மாறியதே தெரியாது. எண்ணிக்கை வரிக்கு ‘ஏரியா லைவ்’ என்ற பண்பை ‘பொலைட்’ என்று கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் பேசிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு “14 புத்தகங்கள்” என்று சொல்லும். அந்த வரி பக்கத்தில் முதலிலிருந்தே இருக்க வேண்டும், உள்ளிருக்கும் எழுத்து மட்டும் மாற வேண்டும். விடையோடு சேர்த்து வரியையும் புதிதாக உருவாக்கினால் பெரும்பாலும் வாசிக்காது. அவரையே உட்காரவைத்துச் சோதித்தோம். முன்பு தப்பான பட்டியல் வந்து விழுந்தபோதெல்லாம் பார்க்கிறவர்களுக்காவது கண்ணில் பட்டது. அவருக்கு அதுவும் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

‘எடுத்து வை’ பொத்தானில் கதை தலைகீழ். விடையில் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் அந்தப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் புத்தகத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். பக்கம் திறக்கும்போது பொத்தான்கள் இருப்பதில்லை, பிறகுதான் வருகின்றன. அதனால் கிளிக்கைக் கேட்கும் வேலையைப் பட்டியலின் வெளிப்பெட்டியிடம் கொடுத்துவிட்டேன். உள்ளே எது எப்போது வந்தாலும் கிளிக் மேலேறி அங்கே வந்துசேரும். இது எளிது. ஆனால் நிறுத்தும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. தேடலில் பழைய பதில் குப்பை. முன்பதிவில் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்தப் பதில் வேண்டும். பிரவுசர் பக்கம் நிறுத்திவிட்டால் சர்வரில் பதிவு ஆகவில்லை என்று அர்த்தமில்லை, அங்கே அது எழுதப்பட்டிருக்கலாம். மெதுவான இணைப்பில் ஒருவர் இரண்டுமுறை அழுத்தி ஒரே புத்தகத்துக்கு இரண்டு பதிவு விழுந்திருந்தது. இப்போது அழுத்தியதும் பொத்தான் ‘பதிகிறேன்…’ என்று மாறி முடங்கும், பதில் வந்தால்தான் விடுபடும். சர்வரிலும் ஒரே ஆள், ஒரே புத்தகம் என்றால் இரண்டாவதை ஏற்காதபடி செய்துவிட்டேன். பொத்தானை மட்டும் நம்ப முடியாது.

முகப்புப் பக்கத்தில் ஒரு சின்ன வேலை. புதிய வரவு, அதிகம் எடுக்கப்பட்டவை, அறிவிப்புகள், நூலக நேரம் என்று நான்கு துண்டுகள். நான்கு அவெய்ட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் 400 மில்லிநொடி என்றால் மொத்தம் 1.6 நொடி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? பிராமிஸ் ஆல் போட்டுச் சேர்ந்தே அனுப்பினேன், வேகம் வந்தது. ஆனால் அறிவிப்பு ஒன்று விழுந்தால் நான்கும் காலி. ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியாகத் தரும் ஆல்செட்டில்ட் 2020இலேயே வந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் நான்கில் மெதுவானதற்காக மற்ற மூன்றும் காத்திருக்கும். கடைசியில் ஒவ்வொரு துண்டும் தன் தரவைத் தானே கேட்டு, தன் இடத்தில் தானே எழுதி, தன் பிழையைத் தானே சொல்லும்படி விட்டுவிட்டேன். நூலக நேரம் மட்டுமாவது எப்போதும் உடனே தெரிய வேண்டும் என்பதால் அதை ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை மாறும் தகவலுக்கு ஃபெட்ச் எதற்கு?

எல்லாம் ஏற்றிவிட்டு அடுத்த சனிக்கிழமை மேசைக்குப் போனேன். தூங்கும் சோதனைச் சர்வரோடுதான் முதலில் பார்க்கச் சொன்னேன். அக்கா இரண்டு விரலால் ஒன்பது தட்டல் அடித்தார். நெட்வொர்க் டேப்பில் எட்டுக் கோரிக்கைகள் சிவப்பாகி நின்றன, ஒன்பதாவது மட்டும் வந்து சேர்ந்தது. பதினான்கு புத்தகங்கள். நான்கு நொடி, ஐந்து நொடி, அப்படியே நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் பதினான்கு. பழக்கதோஷத்தில் மூன்றாம் முறையும் அடித்தார்.

பிறகு பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மருத்துவக் குறிப்புகள்னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கே தம்பி, மூணாவது அலமாரியில. அது ஏன் இதுல வரல?”

அலமாரிக்குப் போய்ப் பார்த்தேன், இருந்தது. ‘மருத்துவம்’ என்று தேடும்போது கடைசி ‘ம்’ இருக்கிறது, ‘மருத்துவக்’ என்பதில் அந்த இடத்தில் ‘க்’ வந்துவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் என் டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். இறுதி ‘ம்’மை விட்டுவிட்டுத் தேடிப் பார்த்ததில் இன்னும் ஒன்பது தலைப்புகள் கிடைத்தன. அவற்றை அக்காவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இந்த வாரம் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.